அறிகுறி இல்லாத தண்டுவட நீர்க்கட்டியோடு வாழ்வது: ஒரு தையல்காரியின் முழுமையான வழிகாட்டி

கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தேன். வலிக்கான காரணம் அந்தப் படத்தில் இல்லை. நான் கேட்காத வேறொன்று இருந்தது. கழுத்தின் கடைசி எலும்புக்கு நேராகத் தொடங்கி, மார்புப் பகுதியின் இரண்டாவது எலும்பு வரை, தண்டுவடத்தின் நடுவில் நூல் பிடித்தது போல ஒரு நீர்க்கோடு. அகலம் 2 மில்லிமீட்டர். அப்போது எனக்கு வயது 41. மதுரை வில்லாபுரத்தில் வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கோடு அப்படியே இருக்கிறது. நானும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கழுத்து வலி ஆறே வாரத்தில் போய்விட்டது. மேசையை நான்கு விரற்கடை உயர்த்தி, பிசியோதெரபி மருத்துவர் சொன்ன பயிற்சிகளைச் செய்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த நீர்க்கோடு முதல் மூன்று மாதத் தூக்கத்தைத் தின்றுவிட்டது. யாரிடம் போவது, எதைக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்று வரிசையாகச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தத் தூக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும். இதை எழுதுவது அதற்காகத்தான். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மருத்துவர்கள் எனக்கு விளக்கியதையும், நான் செய்து பார்த்து நிலைத்ததையும் சொல்கிறேன். தையலில் கண்மதிப்புக்கு இடமில்லை, டேப் வைத்து அளந்து எழுத வேண்டும். இந்த விஷயத்திலும் என்னைக் காப்பாற்றியது அதே பழக்கம்தான்.

தொடங்கும் முன்: இது யாருக்கு

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தண்டுவட நீர்க்கட்டி தென்பட்டு, உடம்பில் அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாத பெரியவர்களுக்கு. விரல்களில் பலம் குறைவது, சூடு பட்டதே தெரியாமல் கையில் கொப்புளம் இருப்பது, இருமினாலோ தும்மினாலோ பின்மண்டை வலிப்பது, கால் விறைத்து நடை தடுமாறுவது, சிறுநீர் மலம் கழிப்பதில் புதிதாக மாற்றம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இங்கேயே நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தெரியவந்தாலும் அப்படியே. வளரும் வயதில் முதுகு பக்கவாட்டில் வளைவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால், அவர்களைக் கவனிக்கும் முறை வேறு.

முதல் படி: 'கட்டி' என்ற சொல்லைச் சரிசெய்யுங்கள்

ஸ்கேன் சென்டர் வாசலிலேயே என் கணவர் அவருடைய அம்மாவுக்குப் போன் செய்து, "முதுகுத்தண்டில் ஏதோ கட்டியாம்" என்று சொல்லிவிட்டார். அன்று விளக்கு வைப்பதற்குள் செய்தி மேலூர் வரை போய், மதினி அழுதுகொண்டே வந்து நின்றார். அவர் மனத்தில் கட்டி என்றால் புற்றுநோய். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "நீர்க்கட்டிதானே? என் மகளுக்கும் இருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்காக வந்தால் கரைந்துவிடும்" என்று தைரியம் சொன்னார். அவர் நினைத்தது சினைப்பை நீர்க்கட்டி. இரண்டு பேர் மீதும் குற்றமில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் அவ்வளவுதான்.

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு என்பது வெளியே இருக்கும் எலும்புக் கூடு. அதற்குள் பத்திரமாக ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். ஏறத்தாழ சுண்டுவிரல் பருமன். நீளம் 45 சென்டிமீட்டருக்குள். இடுப்பு வரை முழுவதும் அது இறங்குவதும் இல்லை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு வரிசையின் முதல், இரண்டாம் எலும்புக்கு நேராக முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரை வால் போலத் தொங்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று நிற்கிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் எந்நேரமும் இருப்பது சுமார் 150 மில்லி. ஒரு நாளில் புதிதாக ஊறுவது சுமார் 500 மில்லி. வைகையில் தண்ணீர் வரும் நாளும் வராத நாளும் உண்டு, இந்த நீருக்கு ஓய்வே கிடையாது.

கருவில் இருக்கும்போது தண்டுவடத்தின் நடுவில் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். பிறந்த பிறகு, வயது ஏற ஏற, பெரும்பாலோருக்கு அது சுருங்கி மூடிக்கொள்ளும். சிலருக்கு ஓரிடத்தில் மட்டும் மூடாமல் நின்றுவிடும். அந்த இடத்தில் தேங்கிய நீர்தான் என் படத்தில் தெரிந்த கோடு. அதாவது, எனக்குள் எதுவும் புதிதாக முளைக்கவில்லை; மூடாமல் விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது. இதை மருத்துவர் சொன்ன பிறகு மதினியிடம், "மடித்துத் தைத்த துணியில் கயிறு கோக்க இடம் விடுவோமே, அப்படி ஒரு பொந்து" என்று விளக்கினேன். அதன் பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

எல்லோருக்கும் இதே கதை என்று நினைத்துவிடக் கூடாது. நீர்க்கட்டி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் வருகின்றன. தண்டுவடத்துக்கு உள்ளேயே இருப்பதை ரிப்போர்ட்டில் 'சிரிங்க்ஸ்' அல்லது 'ஹைட்ரோமைலியா' என்று எழுதுவார்கள். சிரிங்க்ஸ் என்பது குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தண்டுவடத்துக்கு வெளியே, அதைச் சுற்றிய சவ்வில் நீர் தேங்கினால் 'அரக்னாய்டு சிஸ்ட்'. புட்டத்துக்கு மேலே இருக்கும் திருவெலும்புப் பகுதியில் நரம்பு வேரின் மேல் பை போல இருந்தால் 'டார்லோவ் சிஸ்ட்'. 1938இல் டார்லோவ் என்ற மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். இடுப்புக்கு ஸ்கேன் எடுப்பவர்களுக்கு அடிக்கடி தட்டுப்படுவது இந்த மூன்றாவது வகை. பெரும்பாலும் அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. உங்களுடையது எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நான் எழுதுவது முக்கியமாக முதல் வகைக்கு.

இரண்டாம் படி: படத்தைக் கையில் வாங்குங்கள்

ரிப்போர்ட் என்பது இரண்டு பக்கத் தாள். படம் என்பது வேறு. ஃபிலிம் தருவார்கள், அதோடு நிற்காமல் சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தை எதனோடு ஒப்பிடுவது? இந்த முதல் படத்தோடுதான். அது தொலைந்தால் அளவுச் சட்டை தொலைந்த மாதிரி. நான் சி.டி.யை மகளின் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் சி.டி. கீறல் விழும்.

ரிப்போர்ட்டில் பென்சிலால் கோடிட வேண்டியவை சில உண்டு. எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை. கழுத்து எலும்புகள் ஏழுக்கு 'சி', மார்புப் பகுதி பன்னிரண்டுக்கு 'டி', இடுப்பு ஐந்துக்கு 'எல்' என்று எண்ணோடு இருக்கும். அடுத்து, அகலம் எத்தனை மில்லிமீட்டர். நீளத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம்; மருத்துவர் முதலில் பார்த்தது அகலத்தையும், தண்டுவடம் அந்த இடத்தில் உப்பியிருக்கிறதா என்பதையும். மெல்லியதாக, சரியாக நடுவில், விளிம்பு வழவழப்பாக, தண்டுவடம் உப்பாமல் இருந்தால் அது பெரும்பாலும் மூடாத பழைய குழாய்தான். பிறகு, சாயமருந்து செலுத்தி எடுத்த படமா, இல்லையா. கடைசியாக, சிறுமூளையின் அடி நுனி மண்டையோட்டின் துளை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறதா என்று ஏதாவது எழுதியிருக்கிறதா.

'நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற பொருளில் முடிவில் ஒரு வரி வரும். அது எச்சரிக்கை மணி இல்லை. படத்தைப் பார்த்தவர் உங்களைப் பார்க்கவில்லை என்பதால் எழுதும் வரி.

மூன்றாம் படி: சரியான மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டுங்கள்

நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர். இரண்டில் யாராக இருந்தாலும் சரி, நரம்புக்கானவராக இருக்க வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில், நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் இடத்தில், இரண்டு துறைகளும் இருக்கின்றன. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கும் தூரம். தனியார் மருத்துவமனைகளும் நகரில் நிறைய. எங்கே போனாலும் சி.டி., பழைய ரிப்போர்ட்டுகள், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், இவை கையில் இருக்கட்டும். பழைய விபத்துகள், சின்ன வயதில் வந்த காசநோய் அல்லது மூளைக் காய்ச்சல், முதுகில் செய்த ஆபரேஷன் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடிபட்ட தண்டுவடத்திலும், காசநோய் மூளைச் சவ்வைத் தாக்கித் தழும்பு விட்டுப்போன இடத்திலும் நீர் தேங்கக்கூடும். அவருக்கு அது தெரிய வேண்டும்.

பரிசோதனை எப்படி இருந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் பயம் பாதி தீர்ந்தது அந்த அறையில்தான். மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை நுனியாக உருட்டித் தோள், முன்கை, விரல் என்று வரிசையாகத் தொட்டார். பிறகு குண்டூசி. "இப்போது குத்துகிறதா, வெறுமனே தொடுகிறதா அம்மா?" இடப்பக்கம் ஆள்காட்டி விரல் நுனியில் நான், "தொடுகிறது" என்றேன். அறையே நின்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர் என் விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். இருபது ஆண்டாக ஊசி குத்திக் காய்த்துப்போன தோல். புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அதே விரலின் பக்கவாட்டில் குத்தினார். சுரீர் என்றது. "இது நரம்பு இல்லை, தொழில்" என்றார்.

ஊசியும் சூடும் ஏன் முக்கியம் என்று அவரே சொன்னார். வலியையும் சூட்டையும் சுமந்து செல்லும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போகின்றன. நடுவில் உள்ள நீர்ப்பை பெரிதானால் முதலில் நசுங்குவது அவைதான். தொடு உணர்ச்சியின் இழைகள் பின்பக்கமாக மேலேறுவதால் அவை தப்பிக்கும். அதனால்தான் நீர்ப்பை வளர்ந்தவர்களுக்குச் சட்டை தொடுவது தெரியும், அடுப்புச் சூடு தெரியாது. தோளில் சால்வை போர்த்தும் இடம் முழுக்க அப்படி ஆகலாம். என் வேலையே ஊசியும் இஸ்திரிப் பெட்டியும், கேட்டபோது குளிர்ந்துபோனேன். பிறகு யோசித்தால், இந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடிக்க என்னைவிடத் தோதான ஆள் யார்?

அவரிடம் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது மூடாத குழாயா, வேறு காரணத்தால் வந்ததா? காரணம் தேட இன்னும் என்ன பார்க்க வேண்டும்? என் வேலையில் எதைத் தவிர்க்க வேண்டும்? அடுத்த ஸ்கேன் எப்போது? எந்த மாற்றம் வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும்? ஐந்துக்கும் பதில் எழுதாமல் எழுந்து வராதீர்கள்.

நான்காம் படி: காரணம் தேடும் ஸ்கேனை ஒருமுறை முடித்துவிடுங்கள்

முதல் ஸ்கேன் கழுத்துக்கு மட்டுமோ இடுப்புக்கு மட்டுமோ எடுத்ததாக இருக்கும். மருத்துவர் தேவை என்று கருதினால் முழு முதுகுக்கும், மூளையின் அடிப்பகுதிக்கும் எடுக்கச் சொல்வார். சிறுமூளை நுனி 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அதை 'கியாரி' என்பார்கள். 1891இல் அதை விவரித்த மருத்துவரின் பெயர். தண்டுவடத்தில் நீர் தேங்குவதற்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. சாயமருந்து கொடுத்து எடுப்பது, நீர்ப்பைக்குப் பக்கத்தில் உண்மையான கட்டி எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய. அதற்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று தோன்றினாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில நேரம் படத்தில் விழும் நிழலே நீர்க்கோடு போல ஏமாற்றுவதும் உண்டு. குறுக்கு வெட்டுப் படங்களில் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை, காந்தம்தான். ஆண்டுதோறும் எடுத்தால் கதிர்வீச்சு சேருமோ என்ற கவலை வேண்டாம். ஆனால் காந்தம் என்பதால் உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பெண்களுக்கு ஒரு குறிப்பு: தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்குகளை நாம் மறந்துவிடுகிறோம். எனக்குச் சங்கிலியில் மூன்று, ரவிக்கையின் உள்பக்கம் இரண்டு, புடவைத் தலைப்பில் ஒன்று இருந்தன. மெட்டியும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் முந்தின நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம்; அத்தை எனக்கு அப்படித்தான் செய்துவிட்டார். உள்ளே சத்தம் இடிக்கும், பஞ்சு தருவார்கள். நான் மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு மனத்துக்குள் ஒரு ரவிக்கையை வெட்டுவதிலிருந்து கொக்கி வரை தைத்து முடித்தேன்.

ஐந்தாம் படி: இன்றைய உடம்பை எழுதி வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பயம் எப்படி வேலை செய்கிறது என்றால், "முன்பு இப்படி இருந்ததா?" என்று கேட்கும். முன்பு எப்படி இருந்தது என்று எழுதி வைக்காதவர்களிடம் பதில் இருக்காது. முதல் மூன்று மாதம் நான் நாளுக்கு இருபது முறை கையைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய இடம் சிவந்து, மரத்தும் போனது. அதைப் பார்த்து இன்னும் பயந்தேன். இப்போது மாதம் ஒரு நாள்தான். மெஷினைத் துடைத்து எண்ணெய் விடும் முதல் ஞாயிறு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கையூசியில் நூல் கோக்க எத்தனை முயற்சி, வலக்கையால், பிறகு இடக்கையால். ஒரு ரவிக்கைக்கு ஆறு கொக்கி வைக்க எத்தனை நிமிடம். தண்ணீர் நிறைந்த குடத்தை எந்தக் கையில் தூக்கினால் முதலில் தளர்கிறது. வெறுங்காலோடு ஒரு தரைக்கல் கோட்டின் மேல் பாதத்துக்கு முன் பாதம் வைத்துப் பத்து அடி. பிறகு மகள் இரண்டு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வருவாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெதுவெதுப்பு. நான் கண்ணை மூடிக்கொள்வேன். தோள், மேல்கை, முன்கை என்று இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைப்பாள். எது எது என்று சொல்வேன். இஸ்திரிப் பெட்டியையோ தோசைக் கல்லையோ தொட்டுச் சோதிக்கவே கூடாது. சூடு தெரியாத கை அதில் வெந்துவிடும். வெள்ளைத் தாளில் தேதியோடு நான்கு வரி. முடிந்தது.

கொக்கி வைக்கும் நேரம் என் நோட்டில் 9 நிமிடத்துக்கும் 12 நிமிடத்துக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஐப்பசியில் தீபாவளி வேலை நெரிக்கும்போது 12; தையில் 9. நான்கு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால் இந்த ஏற்ற இறக்கம் பண்டிகைகளின் வரிசைதான். நீங்கள் பூக்கட்டுகிறவராக இருந்தால் ஒரு முழம் மல்லிகை கட்டும் நேரத்தை எழுதுங்கள். கணக்கு எழுதுகிறவர் ஒரு பக்கம் எழுதும் நேரத்தை, அலுவலகம் போகிறவர் சட்டைப் பொத்தான் போடும் நேரத்தை. கைக்குப் பழகிய வேலையே நல்ல அளவுகோல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கை மரத்தால் உடனே நீர்க்கட்டி என்று தீர்க்காதீர்கள். சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைவு, மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது, கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது, இவை எல்லாமே மரமரப்பைத் தரும். எனக்கு இரண்டாம் ஆண்டு இரவில் வலக்கை மரத்தது. பார்த்தால் மணிக்கட்டுதான். மரமரப்பு வந்தால் எழுதி வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள், பெயர் வைக்கும் வேலையை அவரிடம் விடுங்கள்.

ஆறாம் படி: அடுத்த ஸ்கேன்

எனக்கு முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஓர் ஆண்டில், அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று மருத்துவர் வைத்தார். உங்களுக்கு வேறாக இருக்கும். முடிந்தவரை அதே இடத்தில், அதே வகை மெஷினில் எடுங்கள். பழைய சி.டி.யைக் கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள். 2 என்று இருந்தது 2.5 என்று வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். வெட்டும் கோணம் கொஞ்சம் மாறினாலும், அளப்பவர் மாறினாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மருத்துவர் சொல்வதே கணக்கு.

ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். தண்டுவடத்தைத் துளைத்துத்தான் அங்கே போக முடியும், காரணம் இருந்தால் நீர் திரும்பவும் சேரும் என்பது பதில். தொந்தரவு தராத சின்ன நீர்ப்பையைத் தொடாமல் கவனிப்பதே வழக்கம். ஆபரேஷன் என்ற பேச்சு வருவது, அறிகுறிகள் தொடங்கினால், அகலம் கூடிக்கொண்டே போனால், அல்லது கியாரி போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால். அப்போதும் பெரும்பாலும் அந்தக் காரணத்தைத்தான் சரிசெய்வார்கள்.

ஏழாம் படி: அன்றாடம்

பத்தியம் எதுவும் இல்லை. கரைக்கும் மருந்து என்று யார் எந்தச் சூரணத்தைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இது கரையும் பொருள் இல்லை, இடம்.

கழுத்தை நெட்டி எடுப்பது கூடவே கூடாது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்புவார்களே, அதைச் சொல்கிறேன். ஆரோக்கியமான கழுத்திலேயே அந்தத் திருப்பல் ரத்தக் குழாயைக் கிழித்துவிடக்கூடும். வெட்டும் முன்பே, "நெட்டி வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் முதுகை மிதிக்கக் கொடுப்பதும் இதில் சேர்த்தி.

மூச்சைப் பிடித்து முக்கும்போது தலைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள நீரின் அழுத்தம் ஏறும். கியாரி இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். அதனால் மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் சும்மா விடாதீர்கள். எனக்குக் கியாரி இல்லை. ஆனாலும் துணி மூட்டையைத் தம் பிடித்துத் தூக்குவதை விட்டுவிட்டேன், இரண்டாகப் பிரித்துத் தூக்குகிறேன். நடை, சைக்கிள், வீட்டு வேலை எதற்கும் மருத்துவர் தடை போடவில்லை. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்குப் போய் நிற்கிறேன்.

இளைஞர்களுக்கு: கிணற்றில் தலைகீழாகக் குதிப்பது, கபடி, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு பிடிப்பது, இவை மூன்றும் கழுத்துக்கு நேரடியாக அடி விழும் வேலைகள். மருத்துவர் தெளிவாகச் சரி என்று சொல்லாமல் இறங்காதீர்கள். என் தம்பி மகனுக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் நான் காலில் விழுந்தாவது தடுத்திருப்பேன். இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும்.

பிரசவமோ வேறு ஆபரேஷனோ வந்தால், முதுகில் ஊசி போடும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே படத்தைக் காட்டுங்கள். பல் பிடுங்கும்போது வாயில் போடும் ஊசிக்கு இது பொருந்தாது.

எட்டாம் படி: காப்பீடு

புதிதாக மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனபோது, படிவம் நிரப்ப வந்தவர், "தொந்தரவுதான் இல்லையே, எதற்கு எழுத வேண்டும்?" என்றார். எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் பணம் மறுக்கப்படுவது உங்களுக்குத்தான். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. உண்மையை எழுதிவிட்டு அந்தக் காலத்தைக் கடப்பது நிம்மதி. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அட்டை இல்லாதவர்கள் தேவை வரும் முன்பே விசாரித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: வீட்டிலும் மனத்திலும்

எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூட வாழ்கிறவர்களுக்கு மட்டும் சரியான சொல்லில் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டால் படத்தையே காட்டுங்கள், நான் காட்டிய அன்று என் மகள், "இவ்வளவு மெலிசா?" என்று ஏமாந்துபோனாள்.

இரவில் போனில் தேடாதீர்கள். அங்கே எழுதுகிறவர்கள் துன்பப்படுகிறவர்கள். அவர்கள் துன்பம் உண்மை. ஆனால் தொந்தரவே இல்லாமல் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கள் அங்கே வந்து எழுதுவதில்லை. அவர்களில் ஒருத்தியாவது எழுத வேண்டும் என்பதும் நான் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம்.

பத்தாம் படி: எப்போது ஓட வேண்டும்

சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்வது, கால்கள் பலமிழப்பது, தொடை இடுக்கு மரத்துப்போவது, விழுந்து கழுத்தில் அடிபட்ட பிறகு கை கால் மரப்பது: அன்றே, அந்த மணியிலேயே அவசரப் பிரிவு. நடக்க முடியாவிட்டால் 108. விரல் பலம் மெல்லக் குறைவது, கட்டைவிரல் சதை மெலிவது, சூடு உணர்வதில் இரண்டு கைக்கும் வித்தியாசம், இருமும்போது பின்மண்டை வலி: அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவர்.

என் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதன் பிரதி ஒன்று கைப்பையில், ரத்த வகை எழுதிய அட்டைக்குப் பின்னால். உங்கள் விவரத்தைப் போட்டு எழுதிக்கொள்ளலாம்:

"தண்டுவடத்தின் உள்ளே சி 7 முதல் டி 2 வரை, 2 மி.மீ. அகலத்தில் நீர்க்கோடு. தற்செயலாகக் கண்டது. கியாரி இல்லை, சாயமருந்துப் படத்தில் கட்டி இல்லை. அறிகுறி இல்லை. கடைசி ஸ்கேனில் மாற்றம் இல்லை. முதுகில் ஊசி போடும் முன் படத்தைப் பார்க்கவும். சி.டி. வீட்டில், இரும்பு பீரோவின் மேல் தட்டில். இடக்கை ஆள்காட்டி விரல் நுனி காய்த்தது, தையல் வேலையால்."